பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் நின்ற கம்பம்

சத்தியம், சத்தியம், நாலு பேர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, உரக்கவே சொல்கிறேன்: இதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தால் இனி போடுகிற வெற்றிலையெல்லாம் வாய்க்குள் போனதும் வேப்பிலையாகட்டும், பிடிக்கிற குடையெல்லாம் மழையைக் கண்டதும் மடங்கிக்கொள்ளட்டும். வெள்ளிமடையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு இசக்கியம்மாள் தன் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினாள், திரையில் இருந்த சாயம் கீழே இறங்கி மேசைக்கால் வழியாக நடந்து, படி இறங்கி, ஊருக்குள் போனது.

அவள் வேலை பார்த்த இடம் பைபாஸ் ரோட்டில் டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சாஃப்ட்வேர் ஆபீஸ். கருங்காட்டு அணையின் மதகுகளை ஆள் இல்லாமல் தானே திறந்து தானே மூடுகிற ஒரு ப்ரோக்ராமை அங்கே நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர், ஆறு நாற்காலி, ஆறு மாட்யூல். மழையை அளப்பது ஒன்று, நீர்மட்டம் பார்ப்பது ஒன்று, மதகு மோட்டாரை ஓட்டுவது ஒன்று என்று ஆளுக்கொரு துண்டு. எந்தத் துண்டுக்கும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செய்யதோட மாட்யூல், லூர்தோட மாட்யூல் என்று வீட்டுக்காரன் பெயரால்தான் வீடு. இசக்கிக்கு மாட்யூல் கிடையாது. மற்றவர்கள் எழுதியதைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பொதுப்பணித்துறைச் செயற்பொறியாளர் தாணுமாலயன் வந்து அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு மதகுகளை ப்ரோக்ராமிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அணைக்கு நேர் கீழே நாலாவது கிலோமீட்டரில், ஆற்றை ஒட்டி, படித்துறைத் தெரு, நூற்றிப்பன்னிரண்டு வீடு. முன்னறிவிப்பு இல்லாமல் மதகு திறந்தால் இருபதே நிமிஷத்தில் தண்ணீர் அந்தத் தெருவின் ஜன்னலைத் தொடும். அறுபத்துநாலாம் நம்பர் வீடு இசக்கி வாழ்க்கைப்பட்ட வீடு. கணவன் தூத்துக்குடிப் பக்கம் லாரி ஓட்டப் போயிருந்தான். வீட்டில் மாமியார் பூரணத்தம்மாளும் நாத்தனார் வடிவும் இருந்தார்கள்.

ஆறு பேரும் தத்தம் மாட்யூலுக்குத் தாங்களே சோதனை எழுதி, சோதனை ஓடும்போது தொட்ட வரியெல்லாம் பச்சை, தொடாத வரியெல்லாம் சிவப்பு என்று ஆளுக்கொரு ரிப்போர்ட் வைத்திருந்தார்கள். மேனேஜர் ஞானதிரவியம் ஆறு சதவீதத்தையும் கூட்டி ஆறால் வகுத்து எண்பத்தாறு என்று போர்டில் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தார். இசக்கி அந்த எண்ணைச் சுட்டிக்காட்டினாள். நாலு பேர் உள்ள வீட்டில் நாலும் சாப்பிட்டாச்சு, நானூறு பேர் உள்ள கல்யாணத்தில் பாதிப் பேர் சாப்பிட்டாச்சு, ஆகவே சராசரியாக முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்வது போலல்லவா இது என்று கேட்டாள். செய்யதின் மோட்டார் மாட்யூல் மட்டும் மற்ற ஐந்தையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரிது, அதில் பாதி வரியைச் சோதனை எட்டிப் பார்த்ததே இல்லை. போதாக்குறைக்கு லூர்து எழுதிய நீர்மட்டச் சோதனை போகிற போக்கில் செய்யதின் வரிகளையும் மிதித்துக்கொண்டு போகிறது. அது செய்யதின் ரிப்போர்ட்டிலும் ஏறவில்லை, லூர்தின் ரிப்போர்ட்டிலும் ஏறவில்லை. ஆகவே சுயமாக ஒரு வேலையும் செய்யாத, மற்றவை ஓடும்போது விட்டுப்போகிற சுவடுகளை மட்டும் பொறுக்கி ஒரே தாளில் ஒட்டுகிற கூட்டு மாட்யூல் ஒன்றை அவளே எழுதினாள். எந்தெந்த மாட்யூலின் சுவட்டைப் பொறுக்க வேண்டும் என்று அதற்குப் பட்டியல் தர வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலி நாற்காலியாகப் போய், உன்னுடையது என்ன, உன்னுடையது என்ன என்று கேட்டு ஆறையும் எழுதிக்கொண்டாள். பொத்தானை அமுக்கினாள். எழுபத்தொன்று என்று வந்தது. அந்த எழுபத்தொன்றோடுதான் சாயமும் இறங்கியது.

முதலில் ஆபீஸ் படிக்கட்டு பச்சையானது. அடுத்து, மாட்டி ஆறு வருஷமாக யாரும் கழற்றாத தீயணைப்பு உருளை ரத்தச் சிவப்பானது. பதினொன்றரைக்குள் சாயம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பன்னிரண்டு மணிக்கு நகராட்சிச் சங்கு ஊதும்போது ஊர் முழுக்க ஏறிவிட்டது. ஒரு தரமாவது உபயோகப்படுத்திப் பார்த்த பொருளெல்லாம் பச்சை, இருக்கிறது என்று எழுதிவைத்ததோடு சரி, தொட்டுப் பார்க்காததெல்லாம் சிவப்பு. பெட்ரோல் பங்கில் தொங்கிய மணல் வாளி நாலும் சிவப்பு, சினிமா தியேட்டரின் அவசர வாசல் சிவப்பு, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் சிவப்பு, இன்ஸ்பெக்டர் இடுப்பில் இருந்த துப்பாக்கி சிவப்பு. அவர் மூன்று நாளும் அந்தப் பக்கத்தைத் துண்டால் மூடிக்கொண்டே நடந்தார். ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரர் சாயத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார், ஒருத்தி புளி போட்டுத் தேய்த்தாள், அது போவதாயில்லை என்று தெரிந்ததும் புதன்கிழமை காலையில் ஊர் அதை விட்டுவிட்டு, பால் வாங்கப் போனது. புதன் மத்தியானத்துக்குள் சாயத்துக்கு ஒரு நடைமுறையே வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்வீட்டார், மாப்பிள்ளையின் சமையல் பாத்திரம் எந்த நிறம் என்று கேட்டார்கள். சிவப்புத் தூக்குவாளியில் டீ வாங்கினால் டீக்கடைக்காரர் ஊற்ற மறுத்தார். சிவப்பு வைத்திருப்பது மானக்கேடு என்றாகிவிட்டதால், தியேட்டர்காரர் அவசர வாசலைக் கடப்பாறை வைத்து நெம்பித் திறந்தார், ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்தார்கள், மணல் வாளியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டு மறுபடி நிரப்பினார்கள், ஒவ்வொன்றாகப் பச்சையானது, பச்சையானதும் கைதட்டினார்கள். காக்கைக்கும் கூழாங்கல்லுக்கும் வேலியோரத்து எருக்கஞ்செடிக்கும் எந்தச் சாயமும் ஏறவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காக்கை இருக்கிறது என்று யார் எந்தப் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறார்கள்?

ஆபீசிலும் அதே வேகம். அணையின் ஏழு மதகில் மூன்று சிவப்பாக நிற்பதைக் கண்டு செய்யது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மோட்டாரின் ஒவ்வொரு வரிக்கும் சோதனை எழுதினான், எழுத எழுத அங்கே மலையடியில் மதகு பச்சையாகிக்கொண்டு வந்தது. எழுபத்தொன்று எண்பத்துநாலானது, தொண்ணூற்றாறானது, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நூறு. ஞானதிரவியம் போர்டில் நூறு என்று எழுதி, கோடு போடாமல், சும்மா நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மேற்கு முழுக்க மூடி, மலை இருந்த இடம் தெரியவில்லை.

இசக்கி சாப்பிட வீட்டுக்குப் போனாள். தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டதெல்லாம் பச்சையாகவே பட்டது: ரேஷன் கடைத் தராசு, தெருக்குழாய், டிரான்ஸ்பார்மர், பால்வாடிக் கதவு. மூன்று நாளாக அவள் கண்ணும் ஊர்க் கண்ணைப் போலச் சிவப்பைத் தேடியே பழகியிருந்ததால், தெருமுனையில் நின்ற இரும்புக் கம்பத்தை அவள் முதலில் பார்க்கவே இல்லை, தாண்டி நாலு எட்டு போன பிறகுதான் முதுகில் யாரோ கை வைத்தது போலத் திரும்பிப் பார்த்தாள். உச்சியில் நாலு புனல் வைத்த கம்பம், நட்டு நாலு வருஷமாகிறது. அது இரும்பு நிறத்திலேயே இருந்தது. அடியில் துரு, மேலே காக்கை எச்சம். பச்சை இல்லை, சிவப்பும் இல்லை.

மதகு திறக்கும் முன் தெருவை எழுப்ப வேண்டிய அபாயச் சங்கு அது. அதை நட்ட அன்றைக்குத்தான், மதகு திறக்கும்போதெல்லாம் தெருத்தெருவாகப் பறையடித்துச் சொல்லிப்போன மனிதருக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு மதகு திறக்கிற அளவுக்கு அணை ஒரு தரம்கூட நிரம்பவில்லை.

வீட்டுக்குப் போகாமல் வந்த வழியே திரும்பி ஓடினாள், ஓடும்போதே நடந்தது என்ன என்று விளங்கிக்கொண்டு வந்தது. சங்கு மாட்யூலை எழுதியவன் ஜெபராஜ். எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன்பே துபாய் போய்விட்டான். நாற்காலி காலியானதும் அதை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். அவள் நாற்காலி நாற்காலியாகப் போய் எழுதிய பட்டியலில் ஆள் இல்லாத நாற்காலி என்ன பதில் சொல்லியிருக்கும்? ஒரு சோதனையும் இல்லாத மாட்யூல் ஒரு சுவடும் விடாது. சுவடு விடாதது பட்டியலிலும் இல்லை என்றால் அது கூட்டுத் தொகையைக் குறைப்பதுகூட இல்லை, இருக்கிறது என்றே தெரியாமல் இருந்துவிடும். சிவப்பாவது கூப்பிட்டுச் சொல்லும். இது வாயே திறக்காது.

ஒரு மணிக்குப் பட்டியலில் ஏழாவதாக ஒரு வரி சேர்த்துப் பொத்தானை அமுக்கினாள். நூறு, எண்பத்துமூன்றானது. தெருமுனைக் கம்பம் அடியிலிருந்து நுனிவரை சிவப்பானது அந்த நிமிஷம்தான் என்று வடிவு பிறகு சொன்னாள்.

ஞானதிரவியம் கெட்டவர் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, மெதுவாகத்தான் சொன்னார். "ஏம்மா இசக்கி, ஒரே ஒரு வரி. நீ இப்பம் சேத்த வரி. அத எடுத்துட்டா நூறு. திங்கக்கெழம வந்து ஒக்காந்து அந்தச் சங்க பாத்துக்கிடுவோம்."

"திங்கக்கெழம எங்க தெரு இருக்கணும்லா சார்."

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அணையிலிருந்து தாணுமாலயன். மலையில் ஒரே ஊற்றாக ஊற்றுகிறது, எண்பத்தைந்து அடி அணையில் எண்பத்துமூன்றரை வந்துவிட்டது, நாலு மணி வரைக்கும் தாங்காது, ப்ரோக்ராம் பிறகு வரட்டும், கைச்சக்கரத்தைச் சுற்றி மூன்று மணிக்கே மதகைத் திறக்கப் போகிறேன், சங்கு மட்டும் உங்கள் பக்கத்திலிருந்து ஊதிவிடும் அல்லவா, நூறு என்று லூர்து சொன்னானே என்று கேட்டார். ஞானதிரவியம் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இசக்கியைப் பார்த்தார். இசக்கி அந்தக் கையை விலக்கிப் போனை வாங்கினாள்.

"சார், சங்க நாங்க ஒருக்க கூட ஊதிப் பாக்கல. நூறுன்னது பொய். நான் சொல்லுத வரைக்கும் தெறக்காதீங்க."

மறுமுனையில் மழை இரைந்தது. "மூணு மணி வரைக்கும் பாக்கேன், ம்மா," என்றார் அவர். "அதுக்கு மேல அணைதான் சொல்லும், நான் சொல்ல மாட்டேன்."

முதல் காரியமாக வடிவுக்குப் போன் போட்டு, தெருவைக் கிளப்பு, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றாள். வடிவு வீடு வீடாக ஓடினாள். தெரு அவளை வினோதமாகப் பார்த்தது. எங்கே சிவப்பு, தராசு பச்சை, குழாய் பச்சை, டிரான்ஸ்பார்மர் பச்சை, முனையில் அந்தக் கம்பம் ஒன்று என்னமோ சிவந்து கிடக்கிறது, அதற்குப் போய் அடுப்பில் இருக்கிற குழம்பை விட்டுவிட்டு வருவார்களா என்று கேட்டது. மூன்று நாளில் வெள்ளிமடைக்கு அப்படியொரு பழக்கம் வந்திருந்தது, சாயம் சொல்லாததை மனுஷி சொன்னால் ஏறாது.

ஓடும்போது தொடுகிற வரிகளைக் குறித்துக்கொள்ளும் கருவியை மாட்டிவிட்டு, ஒன்றரை மணிக்கு இசக்கி சங்கு மாட்யூலை ஓடவிட்டாள். ஆபீஸ் ஜன்னல் அதிரச் சங்கு ஊதியது. செய்யது துள்ளி எழுந்தான், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஊதியது நகராட்சிச் சங்கு, தினமும் பன்னிரண்டு மணிக்கு ஊதுகிறதே, அது. ஜெபராஜ் எழுதும்போது கம்பம் நடவில்லை, சங்கை ஊதவைக்கிற போன் நம்பர் என்று, சோதிக்கக் கைக்குக் கிடைத்த நகராட்சிச் சங்கின் நம்பரைப் போட்டு வைத்திருந்தான், பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று. டீக்கடைக்காரர் கடிகாரத்தைக் கழற்றிப் பன்னிரண்டுக்குத் திருப்பி வைத்தார். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி இரண்டாம் தடவை அடித்தது. படித்துறைத் தெருவில், நம் கடிகாரத்தில்தான் கோளாறு போல என்று சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு வீடு மறுபடி இலை போட்டார்கள். நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தால் நூற்றிப்பன்னிரண்டு வீடும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்.

கம்பத்தின் நம்பர் எந்தக் காகிதத்திலும் இல்லை, கம்பத்தில் அடித்த தகரத்தில்தான் இருந்தது. வடிவு ஏணி போட்டு ஏறினாள். மழை இறங்கிவிட்டது. ஒவ்வொன்றாகப் படித்தாள், இசக்கி ஒவ்வொன்றாகத் தட்டினாள், ஏழாவது இலக்கத்தில் நின்றுபோனது.

"மைனி, இது துருவேறிக் கெடக்கு. ஒண்ணா ஏழான்னு தெரியல."

"விரலால தடவிப் பாரு, வடிவு."

"தடவுனா கையோட உதுருது."

ஒன்று என்று போட்டு ஓடவிட்டாள். எங்கும் எதுவும் ஊதவில்லை. மணி இரண்டு பதினெட்டு. ஏழு போட்டாள். போனுக்குள் வடிவு ஏதோ சொல்ல வாயெடுத்தது பாதியில் நறுக்கென்று நின்று, அதற்குமேல் போனில் கேட்டதெல்லாம் ஒரே ஊளைதான், நாலு வருஷம் அடக்கிவைத்த ஊளை.

தெரு வெளியே வந்தது. வந்து, ஓடவில்லை. கம்பம் அடியிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பச்சையாகி மேலே ஏறுவதைக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது, சிலர் கைகூடத் தட்டினார்கள். இசக்கி திரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போது மாட்யூலின் கடைசிப் பக்கம் ஓடத் தொடங்கியது. எந்தெந்த வீட்டை எழுப்ப வேண்டும் என்று ஜெபராஜ் தனியாக எழுதி வைத்து, கம்பம் ஊதிய பிறகே பட்டியலில் சேர்கிற நூற்றிப்பன்னிரண்டு வரி, வீட்டுக்கு ஒரு வரி. அத்தனையும் சிவப்பு. அங்கே தெருவில், அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாததால் சாயம் ஏறாமல் இருந்த கதவுகள், முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை, தீப்பிடித்த மாதிரிச் சிவந்தன.

தண்ணீருக்குப் பயப்படாத தெரு அந்தச் சிவப்புக்குப் பயந்தது. தன் வீட்டுக் கதவு சிவந்து கிடக்க அடுத்த வீட்டுக்காரி பார்க்க எவள் நிற்பாள்? பிள்ளையைத் தூக்கினார்கள், ஆட்டை அவிழ்த்தார்கள், பூட்டைப் போட்டார்கள். பூட்டிக்கொண்டு பத்தடி போனதும், எழுப்ப வேண்டிய வீடு எழுந்துவிட்டது என்று, கதவு பச்சையானது. அதைக் கண்ட அடுத்த வீடு இன்னும் வேகமாகக் கிளம்பியது. திரையில் வரி வரியாகப் பச்சை வந்தது, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, செய்யது வாய்விட்டு எண்ணினான், ஞானதிரவியம் அவனை எண்ணாதே என்று அதட்டிவிட்டுத் தானே எண்ணினார். இரண்டு ஐம்பதுக்கு ஒரே ஒரு வரி சிவப்பாக நின்றது. அறுபத்துநாலு.

போன் அடித்தது. எண்பத்துநாலே முக்கால் அடி என்றார் தாணுமாலயன். அணைச் சுவரில் கசிவு தெரிகிறது என்றார். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று கேட்டார்.

"தொண்ணூத்தொம்போது புள்ளி தொண்ணூத்தொம்போது," என்றார் ஞானதிரவியம். "அது நூறுதான், சார்."

"அது நூறு இல்ல," என்றாள் இசக்கி. "அது எங்க அத்தை."

பூரணத்தம்மாள் இரண்டாம் தடவை போட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாசல்வரை வந்து கூப்பிட்ட வடிவை, நான் பார்க்காத ஆறா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தாள். மருமகளுக்கும் அவளுக்கும் ஒரு கொலுசு விஷயமாகப் பங்குனியிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. வடிவு மறுபடி உள்ளே ஓடிப் போனைக் காதில் வைத்தாள்.

"அத்தை, நான் இசக்கி."

அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"நூத்திப்பதினோரு வீடு மேட்டுல நிக்கி. அணையில சக்கரத்தப் பிடிச்சிக்கிட்டு ஆறு பேரு நிக்காவ. எஞ்சினியரு நிக்காரு. எல்லாரும் ஒங்க ஒருத்திக்காவத்தான் நிக்காவ."

நொறுங்குகிற சத்தம் நின்றது.

"எஞ்சினியரா," என்றாள் பூரணத்தம்மாள். "எனக்காவா?"

"ஒங்களுக்காவத்தான். பேரு எழுதி வச்சிருக்கு."

கைகழுவினாள். அதுதான் போகட்டும் என்றால், இத்தனை பேர் காத்திருக்கும்போது இந்தச் சேலையோடா போவது என்று உள்ளே போய் மாம்பழக் கரை போட்டதை எடுத்து உதறினாள். வடிவு கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு ஐம்பத்தேழு. செய்யது கண்ணை மூடிக்கொண்டான். கொசுவம் வைத்து, இடுப்பில் சொருகி, முந்தானையை இழுத்துவிட்டு, தெருவில் யாருமே இல்லாததைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்து, வாசலைத் தாண்டி நடந்தாள் பூரணத்தம்மாள். பத்தடி.

திரையில் கடைசி வரி பச்சையானது. இசக்கி போனில் ஒரே வார்த்தை சொன்னாள். மலையடியில் ஆறு பேர் சக்கரத்தைச் சுற்றினார்கள்.

தண்ணீர் பதினெட்டாவது நிமிஷம் வந்தது. ஜன்னலைத் தொட்டது, தாண்டியது, கம்பத்தின் புனல் வரைக்கும் ஏறி இறங்கியது. மேட்டிலிருந்து பார்த்தவர்கள், ஊரின் பச்சையும் சிவப்பும் நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரோடு கிழக்கே போனதைப் பார்த்தார்கள். சாயங்காலம் மழை விட்டபோது தராசு தராசு நிறத்தில் இருந்தது, துப்பாக்கி துப்பாக்கி நிறத்தில் இருந்தது. ஊர் அதையும் விட்டுவிட்டு, சேறு அள்ளப் போனது.

தாணுமாலயன் சொன்னபடி வந்தார், நாலு மணிக்கு இல்லை, ஐந்தேகாலுக்கு, முழங்கால் வரைக்கும் சேற்றோடு. பேப்பரை நீட்டினார். சதவீதம் என்று போட்டிருந்த கட்டத்தில் இசக்கி நூறு என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடவில்லை. அடியில், கட்டத்துக்கு வெளியே, பொடி எழுத்தில் இன்னொரு வரி எழுதினாள்: எனக்கு இருக்கிறது என்று தெரிந்த ஏழில். இப்படி எழுதினால் எந்த ஆபீசில் வாங்குவான் என்று ஞானதிரவியம் தலையில் கை வைத்தார். தாணுமாலயன் அதை இரண்டு தரம் படித்தார். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பிறகு அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாரும் திறக்காத அலமாரியெல்லாம் திறந்துகாட்டச் சொல்லி, வேறு என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். கேட்டு முடிக்க நாலு மாசமானது.

நடந்தது இவ்வளவுதான். யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். பூரணத்தம்மாள் தனக்காகத்தான் அணையே காத்திருந்தது என்று இன்றைக்கும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பளக் கதை வெளியே வந்தது யார் வாயால் என்று தெரிந்தால் நான் அந்தத் தெருப் பக்கம் தலைகாட்ட முடியாது.